பெல்ற்றின் ஆயுள்: பழைய ஸ்போட்ஸ் கார்களும் ஒரு பராமரிப்பு விதியின் வரலாறும்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களையே எழுதுகின்றனர். கண்டுபிடிக்கப்பட்டவை எவ்வாறு பேணப்பட்டன என்பது அவர்தம் கவனத்தைப் பெறுவது அரிது. ஆயினும் பராமரிப்பு விதிகளுக்கும் வரலாறு உண்டு. பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றின் 'ரைமிங் பெல்ற்' எப்பொழுது மாற்றப்படல் வேண்டும் என்னும் வினாவுக்கு, 'இத்தனை மைல் ஓடியபின்' என்றொரு விடையும், 'இத்தனை ஆண்டு கழிந்தபின்' என்றொரு விடையும் வழங்கி வருகின்றன. இவற்றுள் எது பொருந்தும் என்பதை வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாலடிப்பு இயந்திரத்தில் கிராங்தண்டு இருமுறை சுழலும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்தண்டு ஒருமுறை சுழலல் வேண்டும். இவ்விணக்கத்தை நீண்டகாலமாகப் பற்சில்லுகளும் சங்கிலிகளுமே பேணி வந்தன. 1940-களில் ஐக்கிய அமெரிக்காவில், தையல் இயந்திரம் முதலியவற்றின் பொருட்டு, உட்புறத்தே பற்கள் கொண்ட இறப்பர் பெல்ற் உருவாக்கப்பட்டது. 1954-இல் டெவின்-பன்ஹார்ட் என்னும் பந்தயக் கார்களில் அது கேம்தண்டைச் சுழற்றப் பயன்பட்டது. 1962-இல் மேற்கு ஜேர்மனியின் பவேரியாவில் கிளாஸ் நிறுவனம் வெளியிட்ட கிளாஸ் 1004 என்னும் காரே, இத்தகைய பெல்ற்றுடன் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது காராகும். 1966-இல் அமெரிக்காவின் பொன்ரியாக் நிறுவனமும் இதனைக் கைக்கொண்டது. அதே ஆண்டில், முன்னர் பெராரியில் பணியாற்றிய ஒறேலியோ லம்பிறெடி என்னும் பொறியியலாளர், பியற் 124 ஸ்போட்ஸ் கார்களுக்கென வகுத்த இரட்டைக் கேம்தண்டு இயந்திரத்திலும் பெல்ற்றையே அமைத்தார். பெராரி 1973-இல் 365 ஜீ.ரீ.4 பீ.பீ., டீனோ 308 ஜீ.ரீ.4 ஆகிய கார்களில் சங்கிலியைக் கைவிட்டுப் பெல்ற்றுக்கு மாறியது.

இம்மாற்றத்துக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. பெல்ற் விலை குறைந்தது, பாரமற்றது, ஓசை குறைந்தது, எண்ணெய் இடவேண்டாதது. ஆனால் இந்நலன்களுக்கு ஒரு விலையும் இருந்தது. தேய்ந்த சங்கிலி பெரும்பாலும் ஓசையெழுப்பித் தன் நிலையை முன்னரே அறிவிக்கும். பெல்ற்றோ பல வேளைகளில் யாதொரு முன்னறிவித்தலுமின்றி அறும்.

அற்றபின் நிகழ்வது இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. சில இயந்திரங்களில் திறந்த வால்வும் மேலெழும் பிஸ்ரனும் ஒன்றையொன்று தொடா. 1989-இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் 1.6 லீற்றர் இயந்திரம் இவ்வகையினது. பெல்ற் அறுந்தால் கார் நின்றுவிடும், அவ்வளவே. மிகுந்த வலு வேண்டி வடிவமைக்கப்பட்ட பெராரி இயந்திரங்களிலும், 1982-இல் வெளிவந்த போர்ஷ 944-இலும் வால்வும் பிஸ்ரனும் ஒரே இடத்தை வெவ்வேறு கணங்களில் பயன்படுத்துகின்றன. அங்கு பெல்ற் அறுமாயின் பிஸ்ரன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். சிறு தொகைக்குப் பெறத்தக்க ஓர் உறுப்பின் பிழையால் முழு இயந்திரமும் அழிய நேரும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இனி, மைலா ஆண்டா என்னும் வினாவுக்கு வருவோம். இலங்கை மாணவர்க்கு இறப்பர் புதியதன்று. எனினும் இயற்கை இறப்பர் எண்ணெயாலும் ஓசோனாலும் விரைவிற் கெடுவது. ஆகவே இப்பெல்ற்றுக்களுக்கு 1930-இல் அமெரிக்க டூபொன்ற் ஆய்வுகூடத்திற் பிறந்த நியோப்பிறீன் என்னும் செயற்கை இறப்பரே நெடுங்காலம் பயன்பட்டது. அதனுள்ளே இழுவையைத் தாங்குவன கண்ணாடி நார்கள். நியோப்பிறீனும் வெப்பத்தாலும் காலத்தாலும் இறுகி வெடிக்கும் இயல்பினது. 1980-களில் அதனினும் வெப்பந்தாங்கும் ஐதரசனேற்றிய நைத்திரைல் இறப்பர் புழக்கத்துக்கு வந்தமையால் பெல்ற்றின் ஆயுள் நீண்டது. எனவே தூரத்தைக் கொண்டு கணிப்பது நாள்தோறும் ஓடும் குடும்பக் காருக்குப் பொருந்தும் விதியாகும். அதன் பெல்ற் முதுமையடையுமுன்னரே குறித்த மைல்கள் நிறைந்துவிடும்.

பழைய ஸ்போட்ஸ் காரின் நிலை வேறு. அது ஓடும் நாட்களிலும் நிற்கும் நாட்களே மிகுதி. ஆண்டுக்கு ஆயிரம் மைல் ஓடும் கார் 60,000 மைலை எட்ட அறுபது ஆண்டு செல்லும். நிற்கும் காரிலும் பெல்ற் ஓய்வதில்லை. இழுவிசையுடன் கப்பிகளைச் சுற்றி ஒரே வளைவில் அது மாதக்கணக்கில் நிற்கின்றது. கசியும் எண்ணெயும் ஈரமும் அதனைத் தாக்குகின்றன. இதனாலேயே பெராரி போன்ற கார்களைத் திருத்துவதில் தேர்ந்தோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்றுமாறு கூறுகின்றனர்.

இதனை மறுப்போரும் உளர். பத்தாண்டு கழிந்து கழற்றிய பெல்ற்றும் புதிதுபோல் இருந்தது என்பது அவர்தம் வாதம். டெஸ்ராறோசா (1984), எவ் 355 (1994) ஆகிய பெராரிகளில் இவ்வேலைக்காக இயந்திரத்தையே வெளியே இறக்கல் வேண்டும். அச்செலவை நோக்கின் அவர்தம் தயக்கம் விளங்கத்தக்கதே. அன்றியும், பிழையாகப் பூட்டப்பட்ட புதுப் பெல்ற் பழையதினும் ஆபத்தானது. ஆயினும் உள்ளிருக்கும் நாரின் சிதைவு புறத்தோற்றத்தில் தெரிவதில்லை. தப்பிய பெல்ற்றுக்களை மட்டும் சான்றாகக் கொள்வது, போரில் மீண்டோரை மட்டும் வினவிப் போர் தீங்கற்றது என முடிவுசெய்வதை ஒக்கும்.

ஆகவே, வால்வும் பிஸ்ரனும் மோதும் இயல்புடைய பழைய காருக்குக் குறித்த தூரம், ஐந்தாண்டு ஆகிய இரண்டில் எது முந்துகின்றதோ அதனையே எல்லையாகக் கொள்ளல் தகும். மோதாத இயந்திரத்துக்கு இவ்வெல்லையைச் சற்று நெகிழ்த்தலாம். பெல்ற்றை மாற்றும்போது இழுவிசையைப் பேணும் கப்பியின் போல்பெயாரிங்கையும், எண்ணெய் தடுக்கும் சீல்களையும், 944 போன்று பெல்ற்றாலேயே சுழலும் நீர்ப்பம்பி உள்ள கார்களில் அப்பம்பியையும் பரிசோதித்தல் இன்றியமையாதது. இவற்றுள் ஒன்று இறுகினும் புதுப் பெல்ற்றும் அறும்.

வரலாற்று மாணவருக்கு இங்கு பழக்கமான ஒரு பாடமும் உண்டு. கைமாறி வந்த காரை விற்பவர் 'அண்மையில் மாற்றியது' என்பார். அது செவிவழிச் செய்தி. திகதியிட்ட பற்றுச்சீட்டும் பெல்ற்றின் முதுகில் அச்சிட்ட உற்பத்திக் குறியுமே மூலச்சான்றுகள். அவை இல்லாதவிடத்து மாற்றப்படவில்லை என்றே கொண்டு, காரை ஓட்டுமுன் மாற்றுதல் வேண்டும். பெராரி 2004-இல் எவ் 430 காருடன் தன் வீ-8 இயந்திரங்களுக்கு மீண்டும் சங்கிலியை அமைத்தது. ஆனால் அதற்கு முன்னர் செய்யப்பட்ட கார்கள் தம் காலத்துப் பெல்ற்றுடனேயே வாழ்கின்றன. அவற்றைக் காக்க விரும்புவோர் மைல்மானியை மட்டுமன்றி நாட்காட்டியையும் நோக்கக் கடமைப்பட்டவராவர்.