வத்தேகம வலயப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டி

கண்டி மாவட்டத்தின் வத்தேகம கல்வி வலயப் பாடசாலைகள் தேசிய மட்டத்தை நோக்கி முன்னேறும் படிநிலைப் போட்டி. இல்ல விளையாட்டுப் போட்டியில் தேர்வாகும் மாணவர் கோட்டம், வலயம், மத்திய மாகாணம், அகில இலங்கை என்ற வரிசையில் ஏறுவர்.

பிரிவுகள்: ஆண், பெண் இருபாலாருக்கும் 16, 18, 20 வயதின் கீழ் முதலியன. ஓட்டம், பாய்தல், எறிதல் தனிநிகழ்ச்சிகள். அஞ்சலோட்டத்தில் பாடசாலை அணியே முன்னேறும்.

நிருவாகம்: 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் மாகாணக் கல்வித் திணைக்களங்கள் மாகாணப் போட்டிகளை நடத்துகின்றன, தேசியப் போட்டி கல்வி அமைச்சைச் சார்ந்தது. சேர் ஜோன் டார்பட் பெயரிலான பாடசாலை மெய்வல்லுநர் போட்டி இப்படிநிலைப் போட்டியினின்று வேறானது. அதை இலங்கைப் பாடசாலைகள் மெய்வல்லுநர் சங்கம் நடத்துகிறது.

சிறப்பு: தகுதி ஆண்டுதோறும் களத்தில் புதிதாக ஈட்டப்படுவதால், சிறிய தோட்டப் பாடசாலைக்கும் வழி திறந்துள்ளது.