தட்டுறையின் பின்பக்கம்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை வேளை. வள்ளூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி ஏற்றிச் செல்லும் தொடர்வண்டியின் ஓசை அடங்கிய நேரம். எம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், மிதிவண்டியின் பின்இருக்கையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். 1980களின் தொடக்கத்தில் தென்கடற்கரை ஊரொன்றிலிருந்து வேலை தேடி வந்தவர்; கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒழித்துவிட்டு மகனோடு பெங்களூரில் தங்கப் போகிறார். "சாமி, இதையெல்லாம் காயலான் கடையில் போடச் சொல்கிறான் மகன். போடுவதற்கு முன்னால் ஒருமுறை உங்களிடம் காட்டிவிடலாம் என்று வந்தேன்" என்றார்.

பெட்டிக்குள் இசைத்தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ நாற்பது. பெரும்பாலானவை தமிழ்த் திரைப்படப் பாடல்கள்; பக்கத்திற்கு இரண்டாக நான்கு பாடல் அடங்கும் சிறு தட்டுகள். அடியில் ஒரு பெரிய தட்டு. உறையின் ஓரம் செல்லரித்திருந்தது. 1968ஆம் ஆண்டு எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்ட 'ராகா ஜாஸ் ஸ்டைல்'. மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்பு அங்கே ஒரு நடைபாதைக் கடையில் வாங்கியதாம். (மூர் மார்க்கெட் தீக்கிரையானது 1985 மே மாதம். பழைய நூல்களும் இசைத்தட்டுகளும் தேடி அலைந்த சென்னைவாசிகளுக்கு அது வெறும் கட்டடம் அன்று.)

அவர் தட்டை உறையிலிருந்து எடுக்கவில்லை. உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்த பெயர்களின்மேல் விரலை வைத்தார். "இவர்கள் எல்லாரும் நம் ஆட்கள், சாமி" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் ஓர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். பங்கு இல்லத்தின் மாடியறையைத் துப்புரவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. முன்னாளில் அங்குப் பணியாற்றிய வெளிநாட்டு மறைபரப்புப் பணியாளர் ஒருவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுப் பெட்டி அங்கே இருந்தது. ஒலிநாடா கோலோச்சிய காலம். சுழல்தட்டுக் கருவியும் பழுதாகிக் கிடந்தது. பெட்டியை நானே எடைக்குப் போட்டேன். கிடைத்த பணத்தில் திருப்பலி மண்டபத்திற்குத் துடைப்பம் வாங்கியதாக நினைவு. அப்பெட்டியில் ஆப்பிரிக்கச் சிறுவர் பாடகர் குழு பாடிய 'மிஸ்ஸா லூபா' என்னும் திருப்பலி இசைத்தட்டும் இருந்தது. அது இன்னதென்று அறியாமலே கொடுத்தேன். அறிந்தபோது ஆண்டுகள் பல கடந்திருந்தன.

இப்போது பெரியவர் காட்டிய தட்டிற்கு வருவோம். இந்தித் திரையிசையில் புகழ்பெற்ற சங்கர்–ஜெய்கிஷன் இருவரும், திரைப்படம் எதற்காகவும் அன்றித் தனித் தொகுப்பாகவே இதை உருவாக்கினர். தோடி, பைரவ், மால்கௌன்ஸ், கலாவதி, சிவரஞ்சனி எனப் பதினோர் இந்துஸ்தானி இராகங்கள். அவற்றை ஜாஸ் இசைக்குரிய கருவிகளும் தாளமும் தாங்கி வருகின்றன. சித்தார் வாசித்தவர் உஸ்தாத் ரயீஸ்கான். சாக்ஸபோன் மனோகாரி சிங். எஞ்சிய பெயர்களைப் படியுங்கள்: டிரம்பெட் ஜான் பெரைரா, டிரம்ஸ் லெஸ்லி கொதினோ, பேஸ் எடி திராவாஸ், கித்தார் அனிபல் காஸ்ட்ரோ, பியானோ லூசிலா பஷெகோ. அக்காலப் பம்பாய் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆண்கள் நடுவே அமர்ந்து பியானோ வாசித்த பெண்மணி இந்த லூசிலா. இத்தட்டு வெளிவந்தபோது பெரும் பரபரப்பு எதுவும் எழவில்லை. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆண்டுகள் பல கழித்து இதைத் தேடத் தொடங்கியபின் விலை ஏறியது, மறுபதிப்புகளும் வந்துவிட்டன. ஒரு சிகரெட் நிறுவனம் நடத்திய போட்டிகளில் இந்திய இளைஞர் குழுக்கள் வாசித்த ராக் இசையைத் தாங்கிய 'சிம்லா பீட்' தட்டுகளுக்கும் (1970, 1971) இதே கதைதான். உள்ளூரில் மறந்ததை அயலூரார் தூசி தட்டினர்.

ஆனால் பெரியவரின் விரல் சுட்டியது விலையை அன்று. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதே அவர் அறிய விரும்பியது.

அவற்றின் வேரைத் தேடிச் சென்றால் கோவாவின் சிற்றூர்க் கோவில்களில் போய் நிற்போம். போர்த்துக்கீசியர் ஆட்சிக் காலத்தில் அங்குப் பங்குதோறும் பள்ளி ஒன்று நடந்தது. மறைக்கல்வியோடு இசைக்குறியீடு படிக்கவும், வயலின் வாசிக்கவும், இலத்தீன் திருப்பலிக்குப் பல குரலில் பாடவும் சிறுவர்கள் கற்றனர். கற்பித்தவரை 'மெஸ்த்ரே' என்று அழைத்தார்கள். அவர் கையில் பிரம்பும் இருந்தது, வயலினும் இருந்தது. காலனி ஆட்சியின் மற்றக் கணக்குகளை நான் இங்கே மன்னித்து எழுதவில்லை. நம் மக்களின் பாட்டையும் கூத்தையும் விசாரணை மன்றம் தடை செய்ததும் அதே கோவாவில்தான். எனினும் வழிபாட்டிற்கென்று கற்றுக்கொடுத்த அந்தக் கல்வி, வயிற்றுப்பாட்டிற்காகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கப்பல்களுக்கும் சென்ற பிள்ளைகளுக்குக் கைத்தொழிலாயிற்று. உணவு விடுதிகளில் நடனத்திற்கு வாசித்தனர். திரைப்படக் கூடங்கள் பெருகியபோது அங்கே நுழைந்தனர். இசையமைப்பாளர் மெட்டை வாயால் பாடிக் காட்டுவார். அதை ஐம்பது கருவிகளுக்கும் பிரித்துத் தாளில் எழுதுபவர் பெரும்பாலும் ஒரு கோவாக்காரராக இருப்பார். சங்கர்–ஜெய்கிஷன் படங்களுக்கு அவ்வாறு எழுதியவர் செபஸ்தியான் டிசூசா. திரையில் இவர்கள் பெயர் வருவது அரிது. க்ரெகரி பூத் என்னும் பேராசிரியர் 2008இல் வெளியிட்ட 'திரைக்குப் பின்னால்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில்தான் இவர்களுள் பலர் தம் கதையைத் தாமே சொல்ல இடம் கிடைத்தது.

மஜோர்டா என்ற ஊரில் கோவில் பாடகர் குழுத் தலைவரின் மகனாக 1927இல் பிறந்த அந்தோனி கொன்சால்வெசின் வாழ்வு இங்கே சற்று நின்று பார்க்கத் தக்கது. பம்பாய்த் திரையிசையில் வயலின் கலைஞராகவும் இசைக்கோர்வையாளராகவும் இருந்தவர். இரவெல்லாம் கூடங்களில் உழைத்தார். ஆனால் அவர் கனவு வேறு. இந்துஸ்தானி இராகங்களை மேலைச் சேர்ந்திசை வடிவில் எழுத வேண்டும் என்பதே அவர் வேட்கை. 1958இல் இந்தியச் சேர்ந்திசைக் குழு ஒன்றை அமைத்து, பம்பாய் தூய சவேரியார் கல்லூரி முற்றத்தில் அரங்கேற்றினார். சாரங் இராகத்தில் வயலினுக்கு ஓர் இசைக்கோவை எழுதினார். அந்த முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1965இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர்த் திரும்பி வந்து மஜோர்டாவில் ஒதுங்கி வாழ்ந்து 2012இல் மறைந்தார். இவரிடம் வயலின் பயின்றவர்களில் ஒருவர் லட்சுமிகாந்த்–பியாரேலால் இரட்டையரில் பியாரேலால். 1977இல் 'அமர் அக்பர் அந்தோனி' படத்திற்கு இசையமைத்தபோது, ஆசிரியரின் முழுப்பெயரையும் ஒரு வேடிக்கைப் பாட்டில் வைத்து நன்றிக்கடன் செலுத்தினார். முட்டைக்குள்ளிருந்து அமிதாப் பச்சன் வெளிவந்து ஆடும் பாட்டு அது. இந்தியா முழுவதும் அப்பெயரைச் சிரித்துக்கொண்டே பாடியது. அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே காலத்தில் இலண்டனில் ஒரு தட்டு உருவாயிற்று. கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலோ இந்திய வயலின் கலைஞர் ஜான் மேயரும், ஜமைக்கா நாட்டுச் சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் இணைந்து, ஜாஸ் கலைஞர் ஐவர், இந்திய இசை மரபுக்கென ஐவர் என்று இரட்டைக் குழு அமைத்து வெளியிட்ட 'இந்தோ–ஜாஸ் சூட்' (1966). ஹாரியட் பெற்றோரின்றி வளர்ந்தவர். அவரை வளர்த்தது கிங்ஸ்டன் நகரில் இரக்கத்தின் சகோதரிகள் நடத்திய ஆல்பா ஆண்கள் பள்ளி. அங்கே 1939 முதல் 2003இல் இறக்கும்வரை பணியாற்றிய அருட்சகோதரி மேரி இக்னேஷியஸ், ஜாஸ் தட்டுகளையும் மக்களின் நடனப் பாட்டுத் தட்டுகளையும் சேர்த்து வைத்து, ஆதரவற்ற சிறுவர்களுக்குப் போட்டுக் காட்டினார் என்பது ஜமைக்கா இசை வரலாற்றில் அழியாச் செய்தி. துறவு மடத்தில் நடனப் பாட்டா என்று யாரேனும் கேட்டிருக்கக்கூடும். அவர் தட்டுகளை எடைக்குப் போடவில்லை. ஹாரியட் 1973இல் வறுமையில் இறந்தார். அவர் தட்டுகள் பின்னாளில்தான் மீண்டும் அச்சேறின.

அறுபதுகள் என்றதும் நம் குருமடப் பாடங்களில் நினைவுக்கு வருவது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 119ஆம் பத்தி, மக்களினங்களின் சொந்த இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தரச் சொல்கிறது. ஆனால் சங்கம் கூடுமுன்பே சிலர் நடந்து போய்விட்டனர். நான் எடைக்குப் போட்ட 'மிஸ்ஸா லூபா' அத்தகையது. அன்றைய பெல்ஜியக் காங்கோவில் கமினா என்னும் ஊரில் பிரான்சிஸ்கன் சபை அருட்தந்தை குவீதோ ஹாசன், தம் பள்ளிச் சிறுவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு 1958இல் அரங்கேற்றியது. சொற்கள் இலத்தீன், மெட்டும் பறையும் அம்மண்ணுக்குரியவை. 'தூயவர்' பாடலின் பண், பிரிந்து செல்வோரை வழியனுப்பப் பாடும் பாட்டின் பண் என்கிறார்கள். இதன் 'உன்னதங்களிலே' பகுதியை 1964இல் பசோலினி என்ற இத்தாலிய இயக்குநர் மத்தேயு நற்செய்தித் திரைப்படத்தில் சேர்த்தார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாத பொதுவுடைமையாளர்.

அதே 1964இல் அர்ஜென்டினாவின் ஆரியல் ராமிரேஸ், ஆந்தெஸ் மலை மக்களின் தாளங்களில், எஸ்பானிய மொழியில் 'மிஸா கிரியோல்லா' இயற்றினார். ஜெர்மனியில் அவர் சந்தித்த அருட்சகோதரிகள் இருவர், நாசி முகாமில் பட்டினி கிடந்தவர்களுக்கு இரவில் வேலியோரம் உணவு வைத்ததைக் கூறக் கேட்டதே அதன் வித்து. அமெரிக்கக் கறுப்பினப் பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸ் 1957இல் கத்தோலிக்கரானவர். 1962இல் புனிதராக உயர்த்தப்பட்ட மார்ட்டின் தெ போரசுக்கு ஜாஸில் ஒரு துதிப்பாடல் அமைத்தார். எனக்கு இவற்றுள் மிகவும் நெருக்கமானது அதுதான். தொடக்கத்தில் கருவி எதுவுமின்றிக் குரல்கள் மட்டும் எழும்போது மனம் தானே மண்டியிடுகிறது. எலெக்ட்ரிக் புரூன்ஸ் என்ற நீள்முடி இளைஞர் குழுவின் பெயரில் 1968இல் மின்கித்தார் முழங்க வந்த திருப்பலித் தட்டும் உண்டு. நாம் இலத்தீனைக் கைவிட்டுக்கொண்டிருந்த நாளில் அவர்கள் இலத்தீனில் பாடினார்கள்! மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்கும் ஆவல் எழவில்லை.

நம் தமிழ்நாட்டில்? பெரியவரின் பெட்டியில் இருந்த சிறு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நடுவிலுள்ள வட்டச் சீட்டில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர், கவிஞர். அவ்வளவே. விசுவநாதன்–இராமமூர்த்தி குழுவில் மேலைக் குறியீட்டில் இசைத்தாள் எழுதிய ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா, டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்றோர் அச்சீட்டில் இல்லை. பாடியவர் வரிசையில் அடிக்கடி வந்த ஒரு பெயர் எல்.ஆர். ஈஸ்வரி. 'எல்' என்பது லூர்துமேரி என்று சொன்னால் இன்றும் வியப்பவர் உண்டு. ஜெமினி கூடத்தில் குழுப்பாடகியாக இருந்த தாயின் பின்னே சென்று, தாமும் குழுவில் நின்று பாடி, 'பாசமலர்' (1961) திருமணப் பாடலால் வீடுதோறும் அறிமுகமானவர். சாக்ஸபோனும் பாங்கோவும் பின்னே ஒலிக்க அறுபதுகளில் அவர் பாடிய விடுதிக் காட்சிப் பாடல்களை, கேட்கத் தகாதவை என்று நம் வீடுகளில் வானொலியை நிறுத்தினார்கள். என் தந்தையும் நிறுத்தினார். அக்குரலின் துணிச்சலையும் சுருதித் தூய்மையையும் நான் உணர்ந்தது ஐம்பது வயதிற்குமேல். அதே குரல் அம்மன் கோவில்களில் ஆடி மாதம் முழுவதும் ஒலிக்கிறது. நாம் அதை ஒருநாளும் பாடகர் பீடத்திற்கு அழைக்கவில்லை.

தட்டுகள் அழிந்ததற்கு ஒலிநாடாவை மட்டும் குறை சொல்வது எளிது. 1960களிலும் இந்தியாவில் அரக்குத் தட்டுகள் அச்சாயின; பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 சுழற்சி அரக்குத் தட்டாக வந்தன. கைதவறினால் உடையும் பொருள் அது. ஆனால் பின்வந்த நெகிழித் தட்டு எளிதில் உடையாது. அது அழிய ஒருவர் தூக்கி எறிய வேண்டும்.

இருட்டிவிட்டது. பெரியவரிடம் ஒன்று கேட்டேன்: நீங்கள் ஏன் இந்தத் தட்டை வாங்கினீர்கள்? உடனே மறுமொழி வரவில்லை. பிறகு சொன்னார். சிறுவயதில் ஊர்க் கோவில் உபதேசியாரிடம் ஆறு ஆண்டு வயலின் கற்றாராம். தொழிற்சாலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு இயந்திரத்தில் இடக்கையின் இரு விரல்கள் போயின. அதன்பின் ஒரு ஞாயிறு மூர் மார்க்கெட்டில் இவ்வுறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்கினாராம். இப்பங்கில் பதினொரு ஆண்டாக அவரிடம் நற்கருணை கொடுத்து வருகிறேன். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

திரைப்படத் தட்டுகளை அவர் பெங்களூருக்கே எடுத்துச் செல்கிறார். மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னேன். 'ராகா ஜாஸ் ஸ்டைல்' தட்டை மட்டும் என் மேசைமேல் விட்டுச் சென்றார். சுழல்தட்டுக் கருவி ஒன்று மீஞ்சூரில் ஒரு வீட்டில் கிடைத்திருக்கிறது, ஊசி இல்லை. அல்லிக்குளம் வணிக வளாகத்தில் மூர் மார்க்கெட் கடைக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள் என்றார்கள். வரும் திங்களன்று போகிறேன்.