எழுதுகோலும் தூரிகையும்: சித்திரக்கதைப் படைப்பில் இருவர் பங்கு

கவிதையைக் கவிஞர் ஒருவரே பாடுகிறார்; சிலையைச் சிற்பி ஒருவரே செதுக்குகிறார். கலை என்றாலே அது தனி ஒருவரின் தவம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், இருவர் உள்ளமும் இருவர் கையும் கூடிப் பிறக்கும் கலைகளும் உள. அவற்றுள் ஒன்று சித்திரக்கதை.

தாமே எழுதித் தாமே வரையும் ஆற்றல் வாய்த்தோரும் உண்டு. 1979இல் 'கம்போங் பாய்' என்னும் நூலைத் தந்த மலேசிய ஓவியர் லாட் அத்தகையவர். எனினும், உலகப் புகழ்பெற்ற சித்திரக்கதைகளுள் பல, எழுத்தாளர் ஒருவரும் ஓவியர் ஒருவரும் இணைந்து ஈன்றவையே. அவ்வாறாயின், அக்கதைக்கு ஆசிரியர் யார்? இவ்வினா வெறும் சொல்வாதமன்று. பலருடைய வாழ்வும் வறுமையும் புகழும் இதற்கு உரைத்த விடையைப் பொறுத்தே அமைந்தன. அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பள்ளித் தோழர் இருவர்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மாணவர் இருவர் நண்பராயினர். ஜெர்ரி சீகல் கதை எழுதுவதில் பேரார்வம் கொண்டவர். ஜோ ஷூஸ்டர் படம் வரைவதில் நாட்டம் உடையவர். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். இருவரும் புலம்பெயர்ந்து வந்த யூதப் பெற்றோரின் மக்கள். 1933இல் தாங்களே உருட்டச்சில் பதித்து வெளியிட்ட சிற்றிதழில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதன்முதலாகக் கையாண்டனர். அக்கதையில் அவன் தீயவன். பின்னர் அவனை நல்லவனாக்கி, வேற்றுக் கோளிலிருந்து வந்தவனாக்கி, நாளிதழ்களுக்கு ஏற்ற படத்தொடராக அமைத்தனர். ஆண்டுகள் பல கடந்தும் அதனை வெளியிட யாரும் முன்வரவில்லை.

இறுதியில் 'ஆக்ஷன் காமிக்ஸ்' என்னும் புதிய இதழுக்கு அக்கதை தெரிவு செய்யப்பெற்றது. நாளிதழுக்கென நீண்ட பட்டைகளாக வரைந்திருந்த படங்களை வெட்டி, இதழின் பக்க அளவுக்கேற்ப ஒட்டிப் பதின்மூன்று பக்கங்களாக்கினர். 1938 ஜூன் எனத் தேதியிட்ட முதல் இதழில் சூப்பர்மேன் வானில் எழுந்தான். அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், பக்கத்திற்குப் பத்து டாலர் வீதம் 130 டாலருக்கு அப்பாத்திரத்தின் முழு உரிமையையும் இளைஞர் இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டனர்.

சூப்பர்மேன் வளர்ந்தான், பதிப்பகம் செழித்தது. நண்பர் இருவரும் 1947இல் நீதிமன்றத்தை நாடினர். அடுத்த ஆண்டு ஒரு தொகை பெற்று வழக்கு முடிந்தது. ஆனால், கதையின் தலைப்பில் இருந்த அவர்தம் பெயர்கள் நீக்கப்பட்டன. ஓவியர் ஷூஸ்டரின் கண்பார்வை மங்கிற்று. சீகல் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை செய்து காலம் கழித்தார். 1975இல் சூப்பர்மேன் திரைப்படம் உருவாகவிருந்த வேளையில் சீகல் தம் நிலையைச் செய்தித்தாள்களுக்கு எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய ஓவியர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டு இறுதியில், இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், கதைதோறும் இருவர் பெயரையும் பொறிக்கும் உறுதியும் கிடைத்தன. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரையொருவர் கைவிடாது நின்றமையால், இழந்த பெயர்களும் இணைந்தே திரும்பின.

மறைக்கப்பட்ட ஒரு பெயர்

எல்லாக் கூட்டுறவும் இவ்வாறு அமைவதில்லை. 1939 மே மாதத்து இதழில் 'பேட்மேன்' தோன்றியபோது, அதில் பாப் கேன் என்னும் ஓவியரின் பெயர் மட்டுமே இருந்தது. கதை எழுதிய பில் ஃபிங்கரின் பெயர் எங்கும் இல்லை. வௌவாலின் செவிகளைப் போன்ற முகமூடி, சிறகு போன்ற மேலாடை, புரூஸ் வெய்ன் என்னும் பெயர், காத்தம் என்னும் நகரம் ஆகியவை ஃபிங்கரின் சிந்தையில் உதித்தவை. எனினும், பதிப்பகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் கேன் ஒருவரே. ஃபிங்கர் 1974இல் மறைந்தார். அவருக்கு உரிய சிறப்பைத் தாம் அளித்திருக்கலாம் என்று கேன் தம் தன்வரலாற்றில் வருந்தி எழுதியது 1989இல். பதிப்பகம் ஃபிங்கரின் பெயரைக் கேனின் பெயரோடு சேர்த்துப் பொறிக்க இசைந்ததோ 2015இல். எழுதியவர் மறைந்து நாற்பத்தோராண்டு கழிந்த பின்னரே எழுத்துக்கு உரியவர் யார் என்பது அச்சேறிற்று.

கதைக்கு முன் படம்

பொதுவாக எழுத்தாளர் முதலில் எழுத, ஓவியர் பின்னர் வரைவார் என்றே கருதுகிறோம். 1960களில் மார்வெல் நிறுவனம் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. பல இதழ்களுக்கும் ஒருங்கே கதை எழுதிய ஸ்டான் லீ, கதைச் சுருக்கத்தை மட்டும் வாய்மொழியாகவோ ஓரிரு பக்கங்களிலோ ஓவியரிடம் கூறுவார். ஓவியர் அதனை இருபது பக்க அளவில் காட்சிகளாக விரித்து வரைந்து தருவார். அதன் பின்னரே லீ உரையாடல்களை எழுதி நிரப்புவார். 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் ஓவியர் ஜேக் கர்பியுடன் அவர் தொடங்கிய பெரும்பணி இம்முறையில் வளர்ந்தது.

இம்முறையில் ஓவியர் வெறும் கைவினைஞராக நிற்பதில்லை. எந்த நிகழ்ச்சி முதலில், எது எவ்வளவு நேரம், எந்த முகத்தில் எத்தகைய உணர்ச்சி என்பனவற்றை எல்லாம் அவரே முடிவு செய்கிறார். 1966இல் வெளிவந்த கதை ஒன்றில், உலகங்களை விழுங்கும் பேருருவம் ஒன்று பூமிக்கு வருவதாகப் பேசப்பட்டது. கர்பி வரைந்து வந்த பக்கங்களிலோ, கதைச் சுருக்கத்தில் இடம்பெறாத புதியவன் ஒருவன், வெள்ளி மேனியனாய், பலகையின் மீது நின்று விண்வெளியில் மிதந்து வந்தான். 'சில்வர் சர்ஃபர்' என்று பின்னாளில் புகழ்பெற்ற அப்பாத்திரம் தூரிகையிலேயே பிறந்தது. லீயும் இதனை ஒப்புக்கொண்டு பலமுறை கூறியுள்ளார். ஆயினும், அக்காலத்து இதழ்களில் எழுத்தாளர் என லீயின் பெயரும், ஓவியர் என மட்டும் கர்பியின் பெயரும் அச்சாயின. கர்பி 1970இல் அந்நிறுவனத்தை விட்டு விலகினார், 1994இல் காலமானார். அவர் குடும்பத்தாருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

நட்பின் இலக்கணம்

இவ்வரலாற்றில் மகிழ்வூட்டும் பக்கம் பிரான்சில் எழுதப்பட்டது. ரெனே கோசினி எழுத்தாளர். அல்பேர் உடெர்சோ ஓவியர். 1951இல் சந்தித்த இருவரும் இறுதிவரை நண்பராக விளங்கினர். 1956இல், சித்திரக்கதைப் படைப்பாளர்க்குரிய உரிமைகளைக் கோரி இவர்களும் ஷார்லியே என்னும் எழுத்தாளரும் சக கலைஞர்களை ஒன்றுதிரட்டினர். அதன் பயனாகக் கோசினி வேலையிழந்தார். நண்பர் நீக்கப்பட்ட இடத்தில் நாம் இருப்பதா என்று உடெர்சோவும் ஷார்லியேயும் தாமாகவே வெளியேறினர்.

அத்தோழமையின் கனியே, 1959 அக்டோபர் 29ஆம் நாள் 'பிலோத்' வார இதழில் பிறந்த 'ஆஸ்டெரிக்ஸ்'. நாயகன் நெடிய உருவமும் பெருவலியும் படைத்த வீரனாக இருக்கவேண்டும் என்று உடெர்சோ விரும்பினார். குள்ளனாகவும் கூரறிவினனாகவும் இருக்கட்டும் என்றார் கோசினி. நாயகன் குள்ளனாகவே அமைந்தான். ஆனால், உடெர்சோ அவன் அருகில் பருத்த தோழன் ஒருவனை வரைந்துவிட்டார். அவனே ஒபெலிக்ஸ். கருத்து வேறுபாடு பகையாகாமல் மற்றொரு பாத்திரமாயிற்று! கோசினி ஒவ்வொரு கட்டத்திலும் காண வேண்டிய காட்சியையும் பேச வேண்டிய சொல்லையும் தனித்தனியே தட்டச்சிட்டுக் கொடுப்பார். அவ்வளவு தெளிவாக எழுதிய பின்னும், முகங்களின் நகைச்சுவையும் கூட்டக் காட்சிகளின் ஆரவாரமும் உடெர்சோவின் கொடையாகவே இருந்தன.

1977 நவம்பர் 5ஆம் நாள் கோசினி மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவர்கள் உருவாக்கிவந்தது இருபத்து நான்காவது நூல். எஞ்சிய பக்கங்களை உடெர்சோ தனியே வரைந்து முடித்தார். அப்பக்கங்களில் வானம் இருண்டு மழை பொழிகிறது. எழுதியவரின் மறைவுக்கு வரைந்தவர் செலுத்திய அஞ்சலி அது. 1979இல் அவர் தொடங்கிய பதிப்பகத்திற்கும் 'அல்பேர் ரெனே' என்று இருவர் பெயரையும் சூட்டினார். பின்னர்த் தாமே எழுதி வரைந்த நூல்களின் அட்டையிலும் நண்பரின் பெயரை முதலில் வைத்தார்.

நாம் அறியாத பெயர்கள்

தமிழ் வாசகர்க்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அம்மாயாவி 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவன். அவனை முதலில் எழுதியவர் கென் புல்மர். தொடர்ந்து எழுதியவர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அக்கால ஆங்கில வார இதழ்கள் படைப்பாளர் பெயரை அச்சிடும் வழக்கமற்றவை. மாயாவியின் பெயரை மனப்பாடமாக அறிந்த தமிழ் மாணவர் பலர், அவனைப் படைத்தோர் பெயரைக் கேள்விப்படாமலேயே வளர்ந்தனர்.

'ஒரு கை தட்டினால் ஓசை எழாது' என்பது நம் பழமொழி. ஓசை எழுந்தபின் எந்தக் கையினின்று எழுந்தது என்று பிரித்தறிய இயலாது. பிரிக்க இயலாமையினாலேயே இரு கைகளையும் குறிப்பிடுவது கடமையாகிறது. நம் வகுப்பறைகளில் ஒரு மாணவர் கதை எழுத, அடுத்த இருக்கை மாணவர் அதற்குப் படம் வரையும் நாள் வரும். அத்தாளின் அடியில் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதும் பழக்கத்தை அன்றே கற்பிப்போமாக. சீகலும் ஷூஸ்டரும் அதற்காக இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்தனர். ஃபிங்கரோ அதனைக் காணாமலே மறைந்தார்.