தாய்மாமனும் அப்பனும்

போடியில் ஏலக்காய் சலிக்கும் கொட்டகையில்தான் நான் கணக்கு எழுதப் பழகினேன். எட்டு மில்லிமீட்டர் காய், ஏழு மில்லிமீட்டர் காய் என்று பிரிப்பதுதான் சல்லடைக்குத் தெரியும். பொறுக்கிய கை எந்தத் தெருவுடையது என்று அதற்குத் தெரியாது. போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பிலும் எல்லாரும் இடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். பொழுது சாய்ந்து ஊருக்குள் இறங்கியதும் அவரவர் தெரு அவரவரை இழுத்துக்கொள்ளும். 1989இல் இங்கே சாதிக் கலவரம் மூண்டபோது அந்த இழுப்பின் பலத்தைக் கண்ணால் பார்த்தேன்.

சாதியின், குலத்தின் இந்தப் பிடியைத்தான் அரபுக் கதைக்காரர்களும் எழுதினார்கள். எகிப்தின் தாஹா ஹுசைன் 1934இல் வெளியிட்ட ‘துஆ அல் கரவான்’ நாவலில், மானம் போயிற்று என்று உடன்பிறந்தவளின் மகளைத் தாய்மாமனே குத்திக் கொல்கிறான். குலம் அவனைக் குற்றம் சொல்லவில்லை. செத்தவளின் தங்கை ஆம்னாதான் அந்தச் சாவை மறக்க மறுக்கிறாள். 1959இல் அது திரைப்படமாகவும் வந்தது.

நம் சீமையில் தாய்மாமன் என்றால் சீர் கொண்டுவருகிறவர். அதனால்தான் அந்தக் கத்தி நமக்குக் கூடுதலாக வலிக்கிறது.

தமிழில் 2012இல் எழுத்தாளர் இமையம் எழுதிய ‘பெத்தவன்’ கதையில் ஊரே கூடி, சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்கிறது. அப்பன் அவளை விரும்பியவனிடம் அனுப்பிவிட்டுத் தான் சாகிறான்.

குலத்துக்குக் கட்டுப்பட்டவன் கொலைகாரன் ஆனான். கட்டு மீறியவன் பிணமானான். இரண்டிலும் குலம் மட்டும் உயிரோடு இருக்கிறது.