முறுக்கிய நாண்

சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெருவில் தச்சர் ஒருவர் வேலை செய்வதை நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய ரம்பம் ஒரு மரச்சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். சட்டத்தின் ஒரு பக்கம் ரம்பத் தகடு. மறுபக்கம் இரட்டைக் கயிறு. கயிற்றினிடையே ஒரு குச்சியைச் செருகிச் சுற்றச் சுற்ற, கயிறு முறுக்கேறும். தகடு விறைத்து நிற்கும். ஒருநாள் அவர் அப்பால் சென்ற சமயம் பார்த்து அந்தக் குச்சியை விடுவித்தேன். அது சுழன்று வந்து என் விரல்களில் அடித்த அடி இன்றும் நினைவிருக்கிறது. தச்சரின் கை கொடுத்த சக்தி கயிற்றுக்குள்ளேயே காத்திருந்தது என்பதை நான் கற்றது அவ்வாறுதான்.

இந்த உண்மையைப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றவர்கள் பண்டைக் கிரேக்கர்கள். கி. மு. 399-இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரை ஆண்ட டயோனிசியஸ், பல நாட்டுக் கைவினைஞரைக் கூட்டி எறிபொறிகள் செய்வித்தான். அவை பெரிய விற்களே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆனால் வில்லைப் பெரிதாக்குவதற்கு ஓர் எல்லை உண்டன்றோ? பின்வந்த பொறியாளர்கள் வில்லையே நீக்கிவிட்டார்கள். விலங்குகளின் தசைநாண்களை நார் நாராகப் பிரித்துத் திரித்துக் கயிறாக்கினர். அதை மரச்சட்டத்தில் மேலும் கீழுமாகப் பன்முறை ஓட்டி, இரண்டு தடித்த கட்டுகளாக நிறுத்தினர். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் ஒரு மரக்கை செருகப்பட்டது. இரு கைகளையும் இணைத்த நாணைப் பின்னுக்கு இழுத்தால், கட்டுகள் மேலும் முறுகும். விட்டால், கல்லோ அம்போ பறக்கும்.

கட்டு எவ்வளவு பருமனாக இருக்கவேண்டும்? பன்முறை செய்து பார்த்தே அவர்கள் ஒரு கணக்கைக் கண்டனர். எறிய வேண்டிய கல்லின் எடையை 'மினா' என்னும் அளவில் எடுத்து 100-ஆல் பெருக்கவேண்டும். அதன் கனமூலத்தோடு அதில் பத்திலொரு பங்கைக் கூட்டவேண்டும். விடை, விரலளவில் கட்டின் குறுக்களவாகும். 10 மினா எடையுள்ள கல்லுக்கு, அதாவது ஏறக்குறைய நாலரைக் கிலோவுக்கு, 1000-இன் கனமூலம் 10. ஒன்றைக் கூட்டினால் 11 விரல். எல்லாக் கற்களுக்கும் கனமூலம் இவ்வளவு எளிதாக வந்துவிடாது. அதற்கென ஒரு கருவியையே அமைத்த எரட்டோஸ்தனிஸ், எறிபொறி செய்வோருக்கு அது பயன்படும் என்று குறித்தார். பூமியின் சுற்றளவை அளந்தாரே, அவரேதான்!

ரோமானியச் சிற்பநூலாசிரியர் விட்ருவியஸ் கூறும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. பொறியாளனுக்கு இசையறிவு வேண்டும் என்கிறார் அவர். இரு கட்டுகளையும் தட்டினால் ஒரே சுருதி எழவேண்டும். இல்லையேல் ஒரு கை முந்தும், அம்பு கோணிப்போகும். வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோலவே அழிவுக் கருவிக்கும் சுருதி கூட்டினார்கள்!

இனிச் சொல்லப்போவது துயரமான செய்தி. கி. மு. 149-இல் ரோமானியர் கார்த்தேஜ் நகரத்தாரிடம் ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். சமாதானத்தை நம்பி அவர்களும் கொடுத்தார்கள். அவற்றுள் எறிபொறிகள் மட்டும் 2,000 இருந்தன என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். அதன் பின்னரே, நகரத்தை விட்டுக் கடலுக்கு அப்பால் உள்நாட்டில் குடியேறுங்கள் என்ற ஆணை வந்தது. மக்கள் மறுத்துவிட்டனர். கோயில்கள் பட்டறைகளாயின. பொறிகள் செய்யலாம், நாணுக்கு எங்கே போவது? பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். அக்கூந்தல் முறுக்கேறி நின்ற நகரம் கி. மு. 146 வரை தாங்கியது. பின்பு வீழ்ந்து எரிந்தது.

தசைநாணுக்கு இத்தகைய ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதற்கு விடை கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. விடைக்கான வழி நம் சென்னையிலேயே திறந்தது. தசைநாண் 'கொலாஜன்' என்னும் புரதத்தால் ஆனது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தனர். கங்காருவின் வால் தசைநாணும் அவர்களுக்குப் பயன்பட்டது. மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்தது கொலாஜன் என்று 1954-இல் அறிவித்தனர். அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுகிக் கிடக்கின்றன என்று மறு ஆண்டு திருத்தி எழுதினர். பிறர் சில பிணைப்புகளை மாற்றினாலும் மூவிழை முறுக்கு நிலைத்துவிட்டது. கிரேக்கர் கையால் முறுக்கிய கயிற்றின் ஒவ்வொரு நாரிலும், கண்ணுக்கெட்டா நுண்மையில், முன்னமே ஒரு முறுக்கு இருந்திருக்கிறது!

தசைநாணின் இடத்தில் இப்போது நைலான் வந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவில், டல்லாஸிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே பாமன் என்பவரும் பல நாட்டுத் துணைவரும், மீன் பிடிக்கும் தூண்டில் நூலை எடுத்து, அது தானே சுருண்டு சுருளாகும் வரை முறுக்கினார்கள். சூடு காட்டினால் அச்சுருள் சுருங்குகிறது, ஆறினால் நீள்கிறது. அதே நீளமும் எடையும் கொண்ட மனிதத் தசை தூக்குவதைப்போல நூறு மடங்குச் சுமையை அது தூக்குகிறது.