கைப்பேசித் தமிழ்

கைப்பேசித் தமிழ் என்பது கைப்பேசிகளில் தமிழைக் காட்டவும் உள்ளிடவும் பயன்படும் நுட்பங்களைக் குறிக்கும். இவற்றுள் பல, ஆர்வலர்களும் சிறு குழுக்களும் தம் தேவைக்காகச் செய்துகொண்ட மாற்றுவழிகளாகத் தொடங்கின. பெருநிறுவனங்களின் இயங்குதளங்களில் அவை பின்னரே இடம்பெற்றன.

எழுத்தின் சிக்கல்

1991 இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பு, இந்தியாவின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. அதில் அகர வரிசை தவிர்த்த உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை. ‘கெ’ என்று எழுதினால் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அடுத்தும் பதிவாகும். திரையிலோ கொம்பு முன்னே வர வேண்டும். ‘கொ’வில் துணைக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். ஆகவே எழுத்துரு மட்டும் போதாது, இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரலும் தேவை. எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. நிரல் இல்லாத கருவியில் கொம்பு இடம் மாறி நின்றது.

குறுஞ்செய்திக் காலம்

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்துகளைத் தாங்கும். ஒருங்குறித் தமிழில் 70 குறிகளே அடங்கும். ஐந்தெழுத்துச் சொல்லான ‘வணக்கம்’ புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகளைப் பிடித்துக்கொள்ளும்.

1985 இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய மலேசியர் முத்து நெடுமாறன், 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் ‘செல்லினம்’ செயலியை வெளியிட்டார். ஜாவா இயங்கும் சாதாரணக் கைப்பேசிகளிலும் தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் அது வழி செய்தது.

மாற்றுவழிகள்

இணையம் கைப்பேசிக்கு வந்தபோது ஓபரா மினி உலாவி தமிழ் வாசகர்களிடையே புகழ்பெற்றது. அதன் மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால், தமிழ் எழுத்துகளை நிறுவனத்தின் வழங்கியே படமாக்கி அனுப்பிவிடும். கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கத்தைப் படிக்க முடிந்தது. படமாக வந்ததால் தரவுச் செலவு மட்டும் கூடியது.

ஆண்டிராய்டின் தொடக்கப் பதிப்புகளிலும் இதே குறை இருந்தது. நிரலாளர்கள் பழைய குறியேற்றங்களின் துணையை நாடினர். ஒருங்குறி உரையைப் பாமினி, தஸ்கி முதலியவற்றுக்கு மாற்றி, செயலிக்குள் பொதிந்த எழுத்துருவால் காட்டினர். கணினியில் வழக்கொழிந்துவந்த குறியேற்றங்கள் கைப்பேசியில் சில காலம் இவ்வாறு நீடித்தன.

தமிழ்நாடு அரசு 2010 ஜூன் 23 அன்று ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. டேஸ்16 உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தந்ததால் இடமாற்றச் சிக்கல் அதில் எழவில்லை. ஆயினும் இயங்குதளங்கள் ஒருங்குறியையே ஏற்றிருந்ததால் கைப்பேசிகளில் அது பரவவில்லை.

இயங்குதளத்தில் இடம்

2011 இறுதியில் வந்த ஆண்டிராய்டு 4.0 பதிப்பை ஒட்டித் தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள் செய்தது. 2013 இல் ஐஓஎஸ் 7, தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளையும் உள்ளடக்கி வந்தது. தமிழ்99 என்பது 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை அடுத்து அரசு தரப்படுத்திய அமைப்பு. அஞ்சலில் ரோமன் எழுத்துகளின் ஒலிப்பை ஒட்டித் தமிழைத் தட்டலாம்.

இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் அட்டவணை மொழிகள் 22 இலும் செய்திகளைப் படிக்கும் வசதி வேண்டும் என்று இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16333 தரம் விதித்தது. ஆர்வலர்கள் தாமாகச் செய்துவந்த பணி இதன்வழி உற்பத்தியாளரின் கடமையாயிற்று. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சை அறிமுகப்படுத்தியது.

இன்றைய நிலை

2019 இல் வெளியான ஒருங்குறி 12.0, பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைகள் முதலிய 51 குறிகளைச் சேர்த்துக்கொண்டது. அவை திரையில் தெரிவது கருவியிலுள்ள எழுத்துருவைப் பொறுத்தது. காட்சிச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்த பின்னரும் தமிழை ரோமன் எழுத்தில் தட்டும் பழக்கம் அரட்டைகளில் பரவலாகவே உள்ளது. விசைப்பலகை கருவியிலேயே கிடைப்பதால், இன்று இதற்குக் காரணம் நுட்பக் குறைவைக் காட்டிலும் பழக்கமே.