கைநாட்டும் கருவூலமும்

கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் வங்கி நடத்துவதா? 1974ஆம் ஆண்டு, குசராத்தின் அகமதாபாத் நகரில் எழுந்த கேள்வி இது. கேட்டவர்கள் படித்தவர்கள், கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். கேட்கப்பட்டவர்களோ காய்கறிக் கூடை சுமந்தவர்கள், கைவண்டி இழுத்தவர்கள், பழந்துணி வாங்கி விற்றவர்கள், பீடி சுற்றியவர்கள்.

எழுத்தைக் கற்க விடாத சமுதாயமே, எழுத்தறிவு இல்லையென்று கூறிக் கதவை அடைக்கிறது! கண்ணைக் கட்டிவிட்டு, வழி தெரியவில்லையா என்று ஏசுவது போன்றதன்றோ இது?

நடந்ததைப் பார்ப்போம். 1972இல் வழக்கறிஞர் இலா பட் அம்மையார் முன்னின்று, 'சேவா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுயதொழில் மகளிர் சங்கத்தை அமைத்தார். அந்தப் பெண்கள் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்தனர். மாலையில் வட்டியோடு திருப்பினர். உழைப்பு அவர்களுடையது, ஊதியம் வட்டிக்காரனுடையது. 1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின; ஏழைக்கும் இனிக் கடன் உண்டு என்றார்கள். நம்பிப் போன பெண்ணுக்கு என்ன கிடைத்தது? இடுப்பில் குழந்தையோடும் அழுக்குச் சேலையோடும் வந்தவளைக் கண்டு முகம் சுளித்தனர். அவள் வியாபாரம் நடக்கும் நேரத்தில் வங்கி திறந்திருந்தது. அவள் கை ஓயும் நேரத்தில் மூடிக் கிடந்தது.

பிறர் கதவைத் தட்டித் தட்டிக் கை சலித்தவர்கள், தமக்கென ஒரு வாயில் அமைக்கத் துணிந்தனர். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப்பணம் போட்டனர். பதிவுக்குக் கையெழுத்து வேண்டுமென்றதும், இரவெல்லாம் விழித்திருந்து தத்தம் பெயரை எழுதிப் பழகினர். 1974இல் சேவா கூட்டுறவு வங்கி பதிவு பெற்றது. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட எழுத்து, ஓர் இரவில் கைக்கு வந்தது. முடியாமை எங்கே இருந்தது? பெண்ணிடமா, மறுத்தவரிடமா?

அவர்கள் வங்கி நடத்திய விதமும் நாம் அறியத்தக்கது. கையெழுத்தில் தடுமாறும் உறுப்பினருக்கு ஒளிப்படம் ஒட்டிய கணக்கேடு தந்தனர். சேமிப்பைத் திரட்ட வங்கியே தெருவுக்குச் சென்றது. அடகிலிருந்து மீட்ட நிலமும் வீடும் கணவன் பெயரில் அல்ல, அவள் பெயரில் எழுதப்படவேண்டுமென வற்புறுத்தினர். இயக்குநர் குழுவிலே பெரும்பாலோர் அந்தத் தொழில்களிலிருந்தே வந்த பெண்கள். கணக்காயர் படிப்புப் படித்த செயசிறீ வியாசு அம்மையார் 1986இல் நிர்வாக இயக்குநரானார். கூடைக்காரியும் கணக்காயரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுத்தனர்.

பாடம் ஒருமுறை படித்தால் போதவில்லை ஆள்வோருக்கு. மராட்டியத்தில், சாத்தாரா மாவட்டத்து வறண்ட ஊர் மசுவட். அங்கே இரும்பு வேலை செய்து தெருவோரம் வாழ்ந்த பெண் ஒருவர் சேமிக்க விரும்பினார். வங்கி அவருக்குக் கணக்குத் தொடங்க மறுத்தது. சேத்னா சின்கா அம்மையார் ஊர்ப் பெண்களைத் திரட்டி, வங்கி தொடங்க உரிமம் கேட்டார். எழுத்தறியாதார் என்ற அதே காரணத்தைச் சொல்லி ரிசர்வ் வங்கி மறுத்தது. பெண்கள் சோர்ந்து வீடு திரும்பவில்லை, படிக்க அமர்ந்தனர். சில மாதங்களில் மீண்டும் சென்று, எந்தத் தொகைக்கும் வட்டி கேளுங்கள், மனக்கணக்கில் சொல்கிறோம் என்றனர். 1997இல் மாண்தேசி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது.

இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதல் சட்டம் வந்தது 1904இல். பங்கு பத்தானாலும் பதினாயிரமானாலும் வாக்கு ஒன்றே என்பது கூட்டுறவின் உயிர்நாடி. அந்த நெறியை அட்டவணையில் எழுதிவிட்டு, தலைமை நாற்காலியை ஆணுக்கே ஒதுக்கி வைப்பது கூட்டுறவா? சேமிக்க மட்டும் பெண், செலுத்த ஆண் என்றால், அது உண்டியலுக்கு இட்ட புதுப் பெயரேயன்றி வேறென்ன?

2011இல் நிறைவேறிய 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 21 பேருக்கு மேற்படாத இயக்குநர் குழுவில் பெண்களுக்கு 2 இடம் ஒதுக்கியது. 21இல் 2! பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதுவும் நிலைத்ததா? மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறாத காரணத்தால், ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அத்திருத்தப் பகுதி செல்லாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில உரிமையை மதிக்கும் தீர்ப்பு அது, வரவேற்கிறோம். ஆனால் உரிமையைப் பெற்ற மாநிலங்களுக்குக் கடமையும் உண்டு. இரண்டு இடத்தைவிட மேலானதைத் தம் சட்டத்தால் தருவதே அக்கடமை.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது ஏன்? சொத்தில்லாதவளுக்கு ஈடு இல்லை; ஈடு இல்லாதவளுக்குக் கடன் இல்லை; கடன் கிடைக்காதவளுக்குத் தொழில் இல்லை. சங்கிலியின் முதற்கண்ணியை அன்று தொட்டார்கள். கடைசிக் கண்ணி நாற்காலி. யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி, எந்த நேரத்தில் கதவு திறப்பது என்று முடிவு செய்யும் நாற்காலி!

தோழர்களே! உங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். உறுப்பினர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர், இயக்குநர் வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையேயுள்ள தொலைவுதான் நாம் இன்னும் நடக்கவேண்டிய தொலைவு.